முன்பாதி

என் கணவர் காணாமல் போன பிறகுதான் திருப்புகழ்ப் பாட்டுகளின் முன்பாதியைப் படித்தேன். அதுவரை எனக்குத் தெரிந்தது பின்பாதி மட்டுமே: மயில், வேல், வள்ளி, கதிர்காமம். எங்கள் கோயில்களில் பஞ்சபுராணம் ஓதி முடித்ததும் ஒரு திருப்புகழ் பாடுவார்கள். அதற்கென்று சில பாட்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். எந்த வீட்டுக் குமரும் கூச்சமில்லாமல் பாடக்கூடிய பாட்டுகள். அருணகிரிநாதர் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

1990ஆம் ஆண்டைப் பற்றி மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வயலுக்குச் சைக்கிளில் போன என் மனுஷன் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 12ஆம் திகதி மகிழடித்தீவில் நடந்த படுகொலையில் ஆட்களைப் பறிகொடுத்தவர்களுக்குத் திவசம் கொடுக்க ஒரு நாளாவது இருந்தது. எனக்கு அந்த நாளும் இல்லை. தாலியைக் கழற்றவும் முடியாது, தாலிக்கு உரியவரும் இல்லை. பொட்டு வைத்தால் சிலர் பார்ப்பார்கள், வைக்காவிட்டால் சிலர் கேட்பார்கள். அம்மா மட்டும், "வைச்சுக்கொள் மகள், வந்தாரெண்டா நெத்தியத்தானே முதல்ல பார்ப்பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒருவர் மேல் எனக்கு மனம் போனது. வாவியின் மறுகரையான எழுவான்கரையிலிருந்து படிப்பிக்க வந்தவர். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அப்போதெல்லாம் வாவியைக் கடக்கப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். காலையில் பாதை கரை தட்டும் நேரம் எனக்குத் தெரியும். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் வந்துசேரும் நேரமும் தெரியும். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். சோக்குத்தூள் ஒட்டிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்களுக்குள் ஒரு பேச்சும் நடக்கவில்லை; இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். ஆனால் இரவில் என் உடம்பு கேட்டது. கணவர் எங்கோ உயிரோடு அடைபட்டுக் கிடக்கலாம் என்ற நினைப்பும் அதே இரவில், அதே பாயில் வந்தது. ஆசையும் வலியும் வேறு வேறு நாட்களில் வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நாட்களில்தான் ஊர்ப் பெரியவர் ஒருவர் திருப்புகழ் உரைநூலைத் தந்தார். வ.சு. செங்கல்வராய பிள்ளையின் உரை. "மனம் ஆறும் மகள். முன்பாதி உங்களுக்குத் தேவையில்லை, பின்பாதியைப் படியுங்கோ" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் குப்பிலாம்பை ஏற்றி வைத்து முன்பாதியிலிருந்தே தொடங்கினேன்.

அந்த நூலுக்குப் பின்னால் இரண்டு தலைமுறை உழைப்பு இருக்கிறது. செங்கல்வராய பிள்ளையின் தகப்பனார் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை நீதிமன்ற உத்தியோகத்தில் இருந்தவர். சிதம்பரம் தீட்சிதர்கள் 1871இல் ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைச் சான்றாகக் காட்ட, அதைக் கேட்டு மனம் பறிகொடுத்து ஊர் ஊராக ஏடு தேடினார். 1894இல் முதற்பாகம் அச்சேறியது. இன்று நம் கையில் இருப்பவை சுமார் 1,300 பாட்டுகள். காமம் பேசுகிறது என்று கூசி ஒதுக்கியிருந்தால் அவற்றில் பெரும்பகுதி செல்லுக்குத்தான் போயிருக்கும்.

முன்பாதியைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். கூந்தல், கண், மார்பு, இடை என்று ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் அத்தனையும் உயிரைப் பிடிக்கும் வலை என்கிறார் அருணகிரிநாதர். பாட்டில் வரும் விலைமகள் பொன் கேட்கிறாள், மயக்குகிறாள், கைப்பொருள் தீர்ந்ததும் துரத்துகிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டிலும் பெயர் இல்லை, அவள் ஏன் பொன் கேட்கிறாள் என்ற கேள்வியும் இல்லை. வாசிக்கிறவளுக்கும் கூந்தலும் கண்ணும் மார்பும் இருக்கின்றனவே என்ற எண்ணம் அந்தக் காலத்து உரைகாரர்களுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

அருணகிரியார் கதை எல்லோருக்கும் தெரியும். 1964இல் டி.எம். சௌந்தரராஜன் நடித்து வந்த படம் அதை இன்னும் பரப்பியது. திருவண்ணாமலையில் காமத்தில் திளைத்துச் சொத்தை அழித்தார், உடம்பு நோயில் விழுந்தது, கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கி அடியெடுத்துக் கொடுத்தான். செவிவழி வந்த கதைதான். ஆனால் அதில் அவருடைய தமக்கை இருக்கிறார். தம்பிக்குக் கொடுக்க இனி ஒரு காசும் இல்லை என்ற நிலையில், பெண்தான் வேண்டுமென்றால் நானும் பெண்தானே, என்னை எடுத்துக்கொள் என்கிறார். கதை சொல்கிற எல்லோரும் அந்த இடத்தில் தம்பி வெட்கித் திருந்தியதைச் சொல்லிவிட்டுக் கோபுரத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் நின்ற அந்தத் தமக்கையிடம் யாரும் திரும்பி வருவதில்லை. அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நொந்திருக்கும்! ஒரு மகானின் பிறப்புக்கு ஒரு பெண்ணின் அவமானம் விறகாகிப் போனது.

என்னோடு படிப்பித்த கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கையைச் சொன்னார். அவரும் காமத்திலிருந்து திரும்பியவர். 400ஆம் ஆண்டையொட்டித் தன் வாழ்வைத் தானே எழுதியவர். பல ஆண்டுகள் கூட வாழ்ந்து மகனைப் பெற்றுக் கொடுத்த பெண்ணை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார். தன் நெஞ்சு கிழிந்து இரத்தம் வடிந்ததாக எழுதுகிறார். மகனின் பெயரை எழுதுகிறார். அவள் பெயரை எழுதவில்லை. இரண்டு ஞானிகளிடமும் எனக்கு இந்த வழக்கு இன்னும் இருக்கிறது.

ஆனாலும் நான் புத்தகத்தை மூடவில்லை. காரணம் இலக்கணம். வேறு வழியில் சொல்லத் தெரியவில்லை. திருப்புகழ்ப் பாட்டை எடுத்து எழுவாய் பயனிலை பாருங்கள். பல பாட்டுகள் முழுவதும் ஒரே வாக்கியம். மயங்கி, உருகி, அலைந்து, மெலிந்து என்று வினையெச்சமாகவே போய், இப்படி நான் அழிந்துவிடாமல் காக்க வேண்டும் என்ற வேண்டுதலில்தான் வினை முடிகிறது. பிறகு முருகன் புகழ் தொடர்ந்து, பெருமாளே என்ற விளியில் நிற்கிறது. நடுவில் வெட்டினால் பின்பாதியில் இருப்பவன் எதற்காகக் கூப்பிடுகிறான் என்றே தெரியாது. முன்பாதிக்கும் பின்பாதிக்கும் சந்தமும் ஒன்றுதான். ஆசையைச் சொல்ல ஒரு தாளம், அழுகைக்கு வேறொரு தாளம் என்று அவர் பிரிக்கவில்லை. ஆசைப்பட்ட அந்த வாயைக் கழுவிவிட்டு வந்து கும்பிடவில்லை. அதே வாயால், அதே மூச்சில் கூப்பிடுகிறார். அந்தக் குரலில் இருக்கும் 'நான்' ஆணுக்கு மட்டும் எழுதி வைத்ததா என்ன? அந்த இடத்தில் நான் என்னை வைத்துப் படித்தேன். கூந்தலையும் கண்ணையும் விட்டுவிட்டு, மடித்துவிட்ட சட்டைக் கையை வைத்தேன். பாட்டு பொருந்தியது.

தொந்தி சரிவதில் தொடங்கும் திருச்செந்தூர்ப் பாட்டைப் பலரும் அறிவார்கள். வயிறு தொங்கி, மயிர் வெளுத்து, பல் ஆடி, முதுகு கூனி, ஒரு கை தடியில் ஊன்ற நடக்கிறான் கிழவன். இளம்பெண்கள் யார் இந்தக் கிழவன் என்று சிரிக்கிறார்கள். இருமல் முன்னே வருகிறது, கண் மங்குகிறது, காது அடைக்கிறது. பிள்ளைகள் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்கிறார்கள். மனைவி அழுது விழுகிறாள். யமதூதர் நிற்கும் அந்த நேரத்தில் மயிலேறி வா என்கிறான். அதுவரைக்கும் எனக்குப் பழகிய அச்சம்தான். அதன் பிறகு பாட்டு கோசலையின் வீட்டுக்குள் போகிறது. அவள் இராமனை வா, வா என்று கூப்பிடுகிறாள். பால் குடிக்க வா, பூச்சூட வா என்று விடாமல் அழைக்கிறாள். முதன்முறை அந்த இடத்துக்கு வந்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை. வாசலைப் பார்த்து வா என்று கூப்பிட்ட வீடு எங்கள் வீடு. உடம்பு அழிவதையும், ஆசைப்பட்டவர்கள் சிரிப்பதையும் சொல்லிவந்த பாட்டுக்குள்தான் அந்த அழைப்பு இருக்கிறது. பின்பாதியை மட்டும் கொடுத்திருந்தால் அது எனக்கு ஒரு தாலாட்டாக இருந்திருக்கும். முழுதாகப் படித்ததால் அழ முடிந்தது.

அதன் பிறகு ஒன்று மாறியது. அதுவரை கந்தசஷ்டி விரதத்தை எனக்கு நானே கொடுக்கும் தண்டனையாகப் பிடித்தேன். இரவில் நினைத்ததற்குப் பகலில் பட்டினி. விரதத்தை விடவில்லை. தண்டனையை விட்டேன். என் கணவருக்காக அழுததும் நான்தான், இன்னொருவர் கையைப் பார்த்து நின்றதும் நான்தான் என்று மண்டூர் முருகன் முன்னால் நின்று மனதுக்குள் சொன்னேன். அங்கே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், மந்திரம் கிடையாது. நான் மட்டும் உரக்கவா சொல்ல வேண்டும்?

எங்கள் பக்கத்து மண் வலியை மறைக்கச் சொல்லாத மண். கொக்கட்டி மரத்தை வெட்ட இரத்தம் பெருகியது என்றும், அந்த இடத்தில்தான் தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார் என்றும் சொல்கிறோம். வைகாசியில் ஊர் ஊராகக் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுகிறோம்; ஒரு பெண்ணின் வலி எரியும், அதை ஊர் கூடிக் குளிரப்பண்ண வேண்டும் என்று அறிந்தவர்கள் நாங்கள். ஆனால் பெண்ணின் ஆசைக்கு எங்களிடம் ஒரு சடங்கும் இல்லை. ஆண்டாள் வெளிப்படையாகப் பாடியதை மார்கழிப் பாட்டோடு நிறுத்திக்கொண்டோம். காணாமல் போனவர்களின் மனைவிமார் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களுடைய கண்ணீரைப் படம்பிடிக்க எல்லோரும் வந்தார்கள். அவர்களுக்கும் உடம்பு இருந்தது என்று யாரும் எழுதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறநெறி வகுப்பிலும் பள்ளிக்கூடத்திலும் திருப்புகழ் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டு என்று நீங்களே தெரிந்தெடுங்கள். அது உங்கள் பொறுப்பு. வளர்ந்த பிள்ளைகளுக்கு முழுப்பாட்டையும் கொடுங்கள். அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை என்பதையும், தமக்கையின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை கோபப்பட்டால் கோபப்பட விடுங்கள். முன்பாதியை விட்டுப்போட்டுப் படி என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.