வளைந்த வேரும் இரண்டு கம்பிகளும்

ரூட் கேனால் என்றதும் பலருக்கும் வலிதான் ஞாபகத்துக்கு வரும். பல் மருத்துவம் படிப்பவர்களுக்கோ பயமே வேறு. வேர் நேராக இருக்குமா, வளைந்திருக்குமா?

பிடுங்கிய பல் ஒன்றில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள் ஒரு மாணவி. அது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல். முன்பக்க வேரில் இரண்டு குழாய்கள். கன்னத்துப் பக்கம் இருந்தது நன்றாகவே வளைந்திருந்தது. எக்ஸ்ரேயில் அளந்த நீளம் 19 மில்லிமீட்டர். 10, 15, 20 எண் ஸ்டீல் ஃபைல்கள் முழுதாகப் போயின. 25 மட்டும் 17-ல் நின்றுவிட்டது. அழுத்திச் சுற்றினாள். அசையவில்லை. திரும்பவும் 15-ஐ விட்டால் அதுவும் 17-ல் முட்டியது. குழாயின் சுவரில் ஒரு படி விழுந்துவிட்டது!

பார்த்த பேராசிரியர் கேட்டார்: "ஏம்மா, நேர் கம்பியை வளைஞ்ச குழாய்க்குள்ள தள்ளினா அது எங்க போகும்?"

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 25-ம் எண் என்றால் ஃபைலின் நுனி 0.25 மி.மீ. தடிமன். மேலே போகப் போக ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.02 மி.மீ. கூடும். தடிமன் கூடக் கூட ஸ்டீல் விறைப்பாகும். வளைவுக்குள் போனதும் நிமிரப் பார்க்கும். அதனால் நுனி அருகே வெளிச்சுவரையும், நடுப்பகுதியில் உள்சுவரையும் அதிகமாகச் சுரண்டும். 1975-லேயே வெய்ன் குழுவினர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டைகளில் இந்தக் கோணலைக் காட்டிவிட்டார்கள். சில சமயம் உள்சுவரே ஓட்டையாகிவிடும்.

இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியுமா? கிருமிகள் அங்கேயே தங்கிவிட்டால் வேர் நுனியில் மீண்டும் சீழ் பிடிக்கலாம். காப்பாற்ற வந்த பல்லையே கடைசியில் பிடுங்க வேண்டியிருக்கும்.

இதற்கு வழியாக வந்ததுதான் நிக்கல் டைட்டானியம். 1988-ல் வாலியா, பிரான்ட்லி, கெர்ஸ்டீன் ஆகியோர் பல் சீரமைப்புக்குப் பயன்படும் கம்பியைச் சீவி 15-ம் எண் ஃபைல் செய்து பார்த்தார்கள். அதே அளவு ஸ்டீல் ஃபைலைவிட அது இரண்டு மூன்று மடங்கு நன்றாக வளைந்தது. ஸ்டீலை 1 சதவீதம் இழுத்தாலே பழைய வடிவம் முழுதாகத் திரும்பாது. இதுவோ சுமார் 8 சதவீதம் வரை இழுபட்டும் மீளும். மோட்டாரில் நிமிடத்துக்கு 300 சுற்று போலச் சுற்றினாலும், பெரும்பாலும் குழாயின் நடுவை விட்டு விலகாது. வேலையும் சீக்கிரம் முடியும்.

அப்படியானால் ஸ்டீலைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

மாணவியும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டாவது பல்லில் நேராக மோட்டாரையே எடுத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, டிக் என்று ஒரு சத்தம். 4 மி.மீ. துண்டு வளைவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

ஸ்டீல் ஃபைல் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் உடையும். அதற்கு முன் அதன் முறுக்கு பிரிந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். நிக்கல் டைட்டானியம் பல நேரம் எதையும் காட்டாது. வளைவில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் கம்பியின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பது போலத்தான். வளைவின் கோணம் மட்டுமல்ல, அது எவ்வளவு நறுக்கென்று திரும்புகிறது என்பதும் முக்கியம் என்று 1997-ல் ப்ரூட் குழுவினர் காட்டினார்கள். 2007-க்குப் பிறகு வெப்பத்தால் பதப்படுத்திய ஃபைல்களும், 2011-ல் முன்னும் பின்னும் மாறிச் சுற்றும் ஃபைல்களும் விற்பனைக்கு வந்தன. உடைவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

ஆக, எது சிறந்தது என்பதைவிட எது முதலில் என்று கேட்பதே சரி. 10-ம் எண் ஸ்டீல் ஃபைலின் நுனியைக் குழாய்க்கு ஏற்ப லேசாக வளைத்து, கையால் வழி கண்டுபிடிக்க வேண்டும். 15 தடையில்லாமல் போய் வந்தபிறகு மோட்டார். நடுநடுவே மருந்து விட்டுக் கழுவ வேண்டும். ஃபைல் எத்தனை குழாயில் வேலை செய்தது என்ற கணக்கும் வேண்டும். சுவரில் படி விழுந்துவிட்டாலும் பெரும்பாலும் நுனி வளைத்த ஸ்டீல்தான் அதைத் தாண்ட உதவும்.

மூன்றாவது பல்லில் மாணவி இந்த வரிசையில்தான் போனாள். வழி கண்டுபிடிக்கவே இருபது நிமிடம் ஆனது. மோட்டார் வேலை சில நிமிடங்கள்தான். ரப்பர் வளையம் சரியாகக் குறித்த அளவில் வந்து நின்றது. அடுத்தது நோயாளியின் பல்.

அடுத்த முறை பல் மருத்துவர் ஒரு மெல்லிய கம்பியை எடுத்து அதன் நுனியை வளைப்பதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். உங்கள் வேர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் நேரம் கொடுங்கள்!