எர்த் இல்லாத வீட்டில் ஒரு கிட்டார்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல். பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டிருந்த எங்களுக்கு அது அதிர்ஷ்டம். பறிகூலிகூடக் கட்டாமல் பெட்டி பெட்டியாக ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வருஷங்களை அந்த ஒரு மாதம் கொஞ்சம் ஈடுகட்டியது. அப்பா சொசைட்டிக் கடனைக் கட்டினார். அம்மாவின் வளையல் அடகுக்கடையிலிருந்து திரும்பியது. என் கைக்கு வந்த பணத்தோடு நான் பெங்களூருக்கு ரயிலேறி, கைமாறிய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றும் சின்ன ஆம்ப் ஒன்றும் வாங்கி வந்தேன். வீட்டில் ஐயாயிரம் என்று சொன்னேன். கொடுத்தது பதினான்காயிரம். அப்பா பத்திரிகை படிப்பவர் இல்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். அம்மாவிடம் அந்தப் பொய் அன்றைக்கே செல்லவில்லை.

லியோ ஃபெண்டர் 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் நகல்தான் அது. உலகத்தில் மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டார்களில் பாதிக்கு மேல் இந்த ஜாடையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு கொம்பு, கம்பிகளுக்கு அடியில் வரிசையாக மூன்று பிக்கப். பிக்கப் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஆறு இரும்புக் குச்சிகள், கீழே காந்தம், அவற்றைச் சுற்றி எனாமல் பூசிய செம்புக் கம்பி. அந்தக் கம்பியின் கனம் 0.06 மில்லிமீட்டர் அளவுதான். அதை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே கிட்டார் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்தச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மோட்டார் காயில் கட்டுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் பாதியிலேயே புரிந்துவிடும்.

ஒற்றைச் சுருள் என்பதால் இதற்கு சிங்கிள் காயில் என்று பெயர். சத்தம் தெளிவாக, வெண்கலத்தைத் தட்டியதுபோல் இருக்கும். கூடவே ஒரு வில்லங்கம். சுற்றுவட்டாரத்தில் எங்கே மாறுமின்சாரம் ஓடினாலும் அதன் காந்தப்புலத்தையும் இந்தச் சுருள் சேர்த்து வாங்கிக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. அந்த ஐம்பதும் அதன் மடங்குகளும் ‘ம்ம்ம்’ என்ற உறுமலாக ஆம்பிலிருந்து வெளியே வரும். இதற்கு வைத்தியமாகத்தான் 1955-இல் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் பிக்கப்பைச் செய்தார். அது அமைதியானது. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் போர்த்திக்கொண்டு பேசுகிறவரின் குரல்போல் படும். ருசி விஷயம், வாதாட முடியாது.

பக்கத்து ஊர் மெல்லிசைக் குழு ஒன்றில் நான் இரண்டாவது கிட்டார். மாசியில் தொடங்கி ஆடி வரை மாரியம்மன் பண்டிகைகள். எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் யாராவது ஒருவர் துண்டுச்சீட்டில் ‘இளைய நிலா’ கேட்பார். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டாரை ஊர்த் திருவிழா மேடையில் வாசிக்கிறவனுக்கு இரண்டு மடங்கு பயம். பாட்டைவிடக் கிட்டாரை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். படத்தில் வாசித்தது மரக்கிட்டார். என் மலிவுக் கிட்டாரில் கழுத்துப்பக்கத்துப் பிக்கப்பை வைத்து, டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து, விரல் நகத்தால் மீட்டினால் ஓரளவு பக்கத்தில் வரும். சிங்கிள் காயில் வேண்டும் என்று நான் அலைந்ததற்கு இந்த ஒரு பாட்டு பாதிக் காரணம்.

வாங்கி வந்த ராத்திரி ஆம்பைப் போட்டதும் வீடே உறுமியது. அப்பா எட்டிப் பார்த்து, “என்னடா, பழுதானதைக் கட்டிவிட்டுட்டானா?” என்றார். பழுது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குள் இத்தனை சத்தம் ஒளிந்திருக்கும் என்று எனக்கும் தெரியாது.

அதன் பிறகு கொஞ்ச நாள் நான் பாட்டு வாசிக்கவில்லை, வீட்டைத்தான் வாசித்தேன். பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டைப் போட்டால் ஒரு சுருதி. ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறல், ஐந்துக்குத் திருப்பினால் அடங்கிவிடும். அந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பித்தான் வேகத்தைக் குறைக்கிறது, வெட்டுகிற இடமெல்லாம் பிக்கப்பில் விழுகிறது. ஐந்தில் வெட்டு இல்லை. ஆகவே மார்கழிக் குளிரிலும் ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு சாதகம் செய்திருக்கிறேன். இன்னொன்று: உறுமல் நாம் உட்காரும் திசையைப் பொறுத்து மாறும். சுருள் ஒரு கோணத்தில் நிற்கும்போது காந்தப்புலம் அதை ஊடுருவாமல் ஓரமாகப் போய்விடும், சத்தம் ஏறக்குறைய செத்துவிடும். எங்கள் வீட்டில் அந்தத் திசை தென்கிழக்கு. வாஸ்து பார்க்கிறவர் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

திசை மாறினால் குறைகிற சத்தம் காந்தத்தால் வருவது. இன்னொரு வகை உண்டு. ஈசல் இரைச்சல் மாதிரி மேலே மேலே சீறும். அது மின்புலத்தால் வருவது. நம் உடம்பே அதைப் பிடித்துக் கிட்டாருக்குக் கொடுக்கும். கம்பியைத் தொட்ட மாத்திரத்தில் அது அடங்கிவிட வேண்டும். கம்பிகள் உள்ளுக்குள் ஒயர் வழியாக ஆம்புக்கும், ஆம்பின் மூன்றாவது பின் வழியாக பூமிக்கும் இணைக்கப்பட்டிருப்பதால், தொட்டதும் நம் உடம்பும் பூமியோடு சேர்ந்துவிடும். எங்கள் வீட்டில் தொட்டால் சீறல் கூடியது. வெறுங்காலோடு நின்று தொட்டால் விரலில் மெல்லிய சுருசுருப்பும்.

உறவில் அண்ணன் முறையாகும் ஒயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டேன். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். அதுதான் அவருடைய டெஸ்ட் லாம்ப். ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸிலும் எர்த்திலும் வைத்தார். ஒன்றுமில்லை.

“தம்பி, இந்த வீட்டுல எர்த்தே இல்ல. ஓட்டை மட்டும்தான் மூணு இருக்கு.”

வீடு கட்டியபோது கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் ஜி.ஐ. குழாய் இறக்கியிருந்தார்கள். அதற்கு அப்புறம் யாரும் அதில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியதில்லை. பங்குனி சித்திரையில் சின்னாறே மணலாய்க் கிடக்கிற ஊரில், தண்ணீர் ஊற்றாத எர்த் குழியில் என்ன ஈரம் இருக்கும்? காய்ந்த மண்ணில் மின்சாரம் இறங்காது. போதாக்குறைக்குக் குழாயோடு முறுக்கியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. குழியைப் புதிதாகத் தோண்டினோம். கரி, உப்பு, கரி, உப்பு. குழாய் தலையில் நட்டு போல்ட்டு வைத்துப் புதுக் கம்பியை இறுக்கினார் அண்ணன். நான்கு குடம் தண்ணீர் இறங்கிய பிறகு டெஸ்ட் லாம்ப் எரிந்தது. கையோடு, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொன்னார், மாட்டினோம்.

கிட்டாரைப் போட்டுப் பார்த்தேன். கம்பியைத் தொட்டதும் சீறல் கத்தரித்ததுபோல் நின்றது. உறுமல் அப்படியே இருந்தது; அது காந்தத்தின் வேலை, எர்த்துக்குக் கட்டுப்படாது.

மறுநாள் காலை அம்மா மாவாட்டிவிட்டு வந்து, “கிரைண்டர் இன்னிக்குக் கடிக்கலயே” என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. கிரைண்டர் பக்கத்தில் எப்போதும் ஒரு பலகை கிடக்கும். மாவு வழிக்கும்போது அம்மா அதன் மேல்தான் நிற்பார். தரை ஈரத்துக்காக என்று நினைத்திருந்தேன். ஷாக்குக்காகவாம். “எல்லார் வீட்டுலயும் கொஞ்சம் கடிக்கும்டா” என்றார். நான் கேட்டு விசாரித்த வரையில் அம்மா சொன்னது பொய்யில்லை. கடிக்காத கிரைண்டர்தான் எங்கள் தெருவில் அதிசயம்.

மேடையிலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் ஆபத்தோடு. ஜெனரேட்டர் கரண்ட், புடவைக் கொடிபோல் இழுத்த ஒயர்கள். ஒரு கையில் கிட்டார் கம்பி, உதடு மைக்கில் பட்டால் சுள்ளென்று ஒன்று இழுக்கும். மைக்கும் ஆம்பும் வேறு வேறு இடத்தில் செருகப்பட்டு, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் பாலமாக நிற்பது பாடகரின் உடம்புதான். 1972 மே 3-ஆம் தேதி வேல்ஸில் உள்ள ஸ்வான்சீயில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி இப்படித்தான் மேடையிலேயே மின்சாரம் பாய்ந்து இறந்தார். எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். நம் பக்கத்தில் மைக்குக்குப் பஞ்சு உறை, காலுக்கு ரப்பர் செருப்பு என்று சமாளிக்கிறார்கள். நான் இப்போது டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் மைக் பக்கம் போவதில்லை. மைக் செட்காரர்களுக்கு என்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

மேடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பின்னால் அம்மன் படம் வைத்து சீரியல் செட் ஓடிக்கொண்டிருந்தது. பல்புகள் ஓட ஓட அதன் கண்ட்ரோலர் போடும் ஒவ்வொரு வெட்டும் என் ஆம்பில் ‘டிக், டிக், சர்ர்’ என்று விழுந்தது. தபேலாக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அந்த வேகத்துக்கே பாட்டைத் தொடங்கிவிட்டார். சாமி வைத்த தாளம் என்றார்.

மலிவு என்பதால் சில வேலைகள் நம் தலையில் விழும். முதல் கோடையிலேயே கழுத்து மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டன. கையை மேலும் கீழும் ஓட்டினால் உள்ளங்கை ஓரத்தில் கீறல். ஈரக் காற்றுள்ள ஊரில் செய்த மரம் நம் வெயிலைத் தாங்குமா? நிலைக்கதவு செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். சின்ன அரத்தால் நாற்பதுக்கு மேற்பட்ட முனைகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து, நைஸ் உப்புத்தாள் போட்டு மழித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “இது எந்தச் சாமிக்கு?” என்று மட்டும் கேட்டார். தடித்த கம்பியை மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்தால் சுருதி அலைந்துகொண்டிருந்தது. பிக்கப்பின் காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்து இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்க்ரூக்களை இரண்டு சுற்று இறக்கியதும் அலைவு போய்விட்டது. இரண்டுக்கும் ஆன செலவு பூஜ்யம். கடைக்காரர்கள் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், புதுக் கிட்டாரைத்தான் காட்டுவார்கள்.

உறுமலுக்கும் ஒரு வழி கிடைத்தது, அதுவும் மலிவின் புண்ணியத்தால். ஸ்ட்ராட்டில் ஐந்து நிலை சுவிட்ச் உண்டு. 1954-இல் மூன்றுதான். வாசிக்கிறவர்கள் சுவிட்சை நடுவில் முட்டுக்கொடுத்து நிறுத்தி இரண்டு பிக்கப்பையும் ஒன்றாகக் கேட்டுப் பழகியதால், 1977-இல் ஃபெண்டரே ஐந்தாக்கியது. இரண்டாம், நான்காம் நிலைகளில் நடுப் பிக்கப் இன்னொன்றோடு சேரும். நடுப் பிக்கப்பின் காந்தமும் சுற்றும் மற்றவற்றுக்கு எதிராக இருந்தால் அந்த நிலைகளில் உறுமல் ஒன்றையொன்று தின்றுவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும். என்னுடையதில் அப்படி இல்லை. விலையுயர்ந்த பிக்கப்பில் அந்த ஆறு குச்சிகளே காந்தம், புரட்ட முடியாது. மலிவு பிக்கப்பில் குச்சிகள் வெறும் இரும்பு, அடியில் செராமிக் காந்தப் பட்டை ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பழைய பிளேடைச் சூடுகாட்டி அதைப் பெயர்த்தேன், புரட்டி ஒட்டினேன், பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். காந்தத்தைப் புரட்டினால் கம்பியின் ஒலி மட்டும் தலைகீழாகும். ஒயரை மாற்றினால் ஒலி, உறுமல் இரண்டும் தலைகீழாகும். ஆக ஒலி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது, உறுமல் மட்டும் எதிராக நிற்கிறது. சுவிட்சை இரண்டில் வைத்தேன். அறையில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

இதில் அப்பாவுக்குத்தான் சம்மதமில்லை. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் போர் மோட்டாரின் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறது. எங்கள் பக்கம் த்ரீ பேஸ் போய்ப் போய் வரும். வந்த நொடியில் ஸ்டார்ட்டர் பிடிக்கும்போது என் ஆம்பில் ‘டக்’ என்று ஒன்று விழும், பின்னாலேயே உறுமல் ஒரு படி ஏறும். வாசித்துக்கொண்டிருந்தபடியே நான் “மோட்டார் எடுத்திருச்சுப்பா” என்று குரல் கொடுப்பேன், அவர் மடை திருப்பக் கிளம்புவார். கிட்டாரை அவர் மன்னித்ததே இதற்காகத்தான். இரண்டாம் நிலையில் வாசித்தால் அந்த ‘டக்’ சரியாகக் கேட்பதில்லை. போன வாரம் மடை உடைந்து தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது.

“பழையபடி சத்தம் வர்ற மாதிரி வைடா” என்கிறார். பகலில் ஒன்றில் வைக்கிறேன், ராத்திரி இரண்டில்.