கறுத்த தோலும் லேசரும்

மேமோகிராம் எடுத்துக்கொண்ட பெண்களுக்குத் தெரியும், இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து எப்படி அழுத்துவார்கள் என்று. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அறிக்கையில் இருந்த ஒரு வரிதான் உறுத்தியது: ‘அடர்த்தியான திசு, அல்ட்ராசவுண்டும் எடுக்கவும்.’ அடர்ந்த திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். இளம் பெண்களுக்கு இந்த அடர்த்தி அதிகம்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். வேறு வழி உண்டா என்று தேடியபோது ஒளியொலிப் படமெடுப்பு கண்ணில் பட்டது. விட்டுவிட்டு ஒளி பட்டால் பொருள் ஒலியெழுப்பும் என்பதை 1880இல் கிரகாம் பெல் கண்டறிந்தார், டெலிபோன் பெல்தான். இன்று அதையே உடலுக்குள் செய்கிறார்கள். சில நானோ நொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சி, இம்மியளவு சூடாகி விரிகிறது. அந்த விரிதல் காதுக்கு எட்டாத ஒலியாக வெளியே வர, கருவி அதைப் பிடித்துப் படமாக்குகிறது. ஒளி திசுவுக்குள் சிதறிப்போகும்; ஒலி அவ்வளவு சிதறாது. கட்டி வளர்த்துக்கொள்ளும் புது ரத்தக் குழாய்கள் அதில் தெரியும். எக்ஸ்ரே கிடையாது. 2018இல் கால்டெக்கின் லிஹோங் வாங் குழு, மூச்சை ஒருமுறை அடக்கும் 15 நொடிக்குள், 4 சென்டிமீட்டர் ஆழம்வரை மார்பைப் படமெடுத்துக் காட்டியது.

படித்து மகிழ்ந்த கையோடு ஒரு கேள்வி வந்தது. லேசர் முதலில் தொடுவது தோலை அல்லவா? தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சும். தோல் கறுக்கக் கறுக்க உள்ளே போகும் ஒளி குறையும். தோலிலிருந்தே எழும் ஒலி படத்தைக் குழப்பும். நானோ நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னதை இயந்திரமும் சொல்லுமா?

இது வீண் பயமில்லை. கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டரும் ஒளியை வைத்துத்தான் அளக்கிறது. மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் அது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கருவி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆஸ்பத்திரிகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது.

ஒளியொலிக் கருவிக்குத் தோல் நிறத்துக்கேற்ற திருத்தக் கணக்குகள் போடுகிறார்கள். போடட்டும். இப்போதெல்லாம் ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால், முடிவுரைக்குப் போகுமுன் சோதனைக்கு வந்த பெண்கள் யார் என்ற பத்தியைத்தான் தேடுகிறேன். வயது இருக்கிறது, எடை இருக்கிறது, கட்டியின் அளவு மில்லிமீட்டரில் இருக்கிறது. நான் புரட்டிய சிலவற்றில் தோல் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை.