தரை தொட்ட பின்

காற்று வரும் திசைக்கேற்பக் கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனப் பெயரிட்டனர் தமிழர். திருப்பெரும்புதூரை அடுத்த மண்ணூரில் வேனிற்காலத்தில் ஒரே நாளில் இருவேறு திசைக் காற்றை உணரலாம். பகலில் மேற்கிலிருந்து வெப்பக்காற்று வீசும். பொழுது சாயக் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்து சேரும். ஆலையைவிட்டு வெளிவருவோர்க்கு அது ஆறுதல்; சிறு விமானத்தைத் தரையிறக்குவோர்க்கோ சோதனை.

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார் ஜே.ஆர்.டி. டாட்டா. அங்கிருந்து சென்னைக்கு அதைச் செலுத்தியவர் நெவில் வின்சென்ட். அந்தப் ‘புஸ் மாத்’ விமானமும், பெங்களூருவில் உருவாகி 1951இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும் வாலைத் தரையில் ஊன்றி நிற்பவை. முன்னே இரு பெரிய சக்கரங்கள். அவற்றுக்குப் பின்னே ஈர்ப்பு மையம். இடர் தோன்றுவது இங்கேதான்.

ஒரகடம் ஆலைகளுக்கு வரும் நீண்ட சரக்குந்தைக் காண்க. முன்னோக்கி இழுக்கும்போது பின்வண்டி தானே நேராகும். பின்னோக்கித் தள்ளும்போதோ சிறு கோணலும் பெருகும். வால்சக்கர விமானமும் அத்தகையதே. பக்கக்காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். உடனே திருத்தாவிடில் பின்னுள்ள எடை அத்திருப்பத்தை வளர்க்கும். விமானம் சுழன்று, இறக்கை நுனி தரையில் மோதும். சக்கரத் தண்டும் முறியலாம்.

பழைய பறப்புத்திடல்கள் பரந்த புல்வெளிகள். எத்திசைக் காற்றையும் எதிர்கொண்டு இறங்க முடிந்தது. ஓடுபாதைக்கோ திசை மாறாது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று அதற்கு 30 பாகைக் கோணத்தில் வீசினால், பக்கவாட்டில் தாக்கும் வேகம் 15 கிலோமீட்டர். செங்குத்தாக வீசினால் முழு 30.

எனவே விமானி முதலில் காற்றுப்பையைப் பார்க்கிறார். காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றே தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கானை மிதித்து, மூக்கைப் பாதைக்கு நேராக நிறுத்துகிறார். சக்கரம் தரையைத் தொட்டதும் பயணிக்குப் பயணம் முடிந்ததாகத் தோன்றும். ஆனால், வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலிமை குன்றுகிறது. காற்றின் வலிமை குன்றுவதில்லை. கட்டுப்பாடு நழுவ ஏற்ற கணம் அதுவே. அதனால், விமானம் முற்றிலும் நிற்கும்வரை விமானியின் கால்கள் ஓய்வதில்லை.