ஆண்டு முழுதும் பூக்கும் பாத்தி

வீட்டுப் பூப்பாத்தியில் எல்லா மாதமும் நிறம் இருக்க வேண்டுமானால் ஒரே செடியை நம்பிப் பயனில்லை. பல்லாண்டுச் செடிகளில் பெரும்பாலானவை ஒரு பருவத்தில் கொட்டிப் பூக்கும், மறு பருவத்தில் ஓய்ந்திருக்கும். ஒன்று ஓயும் மாதத்தில் இன்னொன்று பூக்கும்படி இணை சேர்ப்பதுதான் பாத்தி போடுவதில் முதல் வேலை.

திண்டுக்கல் சமவெளியில் பங்குனி தொடங்கிக் கடும் வெயில், ஐப்பசி கார்த்திகையில் பெருமழை. செம்மண் நிலத்தில் தண்ணீர் தேங்காது. ஈரமும் சீக்கிரம் காய்ந்துவிடும். இந்தப் பருவத்துக்கும் மண்ணுக்கும் பழகிய செடிகள் எவை என்பதை நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு வந்து இறங்கும் கூடைகளே சொல்லும்.

வெயில் காலம் மல்லிகையுடையது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி நிலக்கோட்டை வட்டாரத்திலும் விளைகிறது. மார்ச்சில் தொடங்கும் பூப்பு ஜூன், ஜூலை வரை அடர்ந்திருக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்தால்தான் அடுத்த கோடையில் புதுத்தளிர் வெடித்து மொட்டுப் பிடிக்கும். அதுவரை குத்து வெறும் குச்சியாக நிற்கும்.

அந்த வெறுமையை நிரப்ப டிசம்பர்ப் பூவைவிடப் பொருத்தமான துணை இல்லை. மழை ஈரத்தில் தழைத்து, பனி இறங்கும் கார்த்திகை, மார்கழியில் பூக்கும் செடி அது. ஊதா, வெள்ளை, ரோஜா நிறம், வெள்ளையில் ஊதாக்கோடு என வகைகள் உண்டு. மணம் கிடையாது, அந்த மாதங்களில் கண்ணுக்கு வேண்டிய நிறத்தை அதுவே தந்துவிடும். பூத்து முடிந்ததும் வெட்டிவிட்டால், மல்லிகை தழைக்கும் நேரத்தில் இடத்தை அடைக்காது.

மல்லிகை குறையும் நேரத்தில் பிச்சி கைகொடுக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை அதன் காலம். அதற்குக் கவாத்து ஜனவரி கடைசியில். ஆக, மல்லிகையும் பிச்சியும் ஒரே நேரத்தில் குச்சியாவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் வெட்டினால் இந்த வரிசை கெட்டுவிடும்.

இடைவிடாத நிறத்துக்குக் கனகாம்பரம். பச்சைக் கதிரில் பூக்கள் அடியிலிருந்து மேலாக அடுக்கடுக்காக விரியும். பறித்த பூ எளிதில் வாடாது. காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டால் விதைகள் 'பட்' என வெடித்துச் சிதறும். பாத்தி ஓரத்தில் தானே முளைத்த கன்றுகள் அப்படி வந்தவையே. இது அரைநிழலையும் தாங்குவதால் உயரமான செடியின் கிழக்குப் பக்கம் வைக்கலாம். மாலை வெயில் அங்கே படாது. வேரைத் தாக்கும் நூற்புழுதான் இதற்குப் பகை. நடுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லி போட்டு எடுத்தால் புழு குறையும்.

உயரமும் தண்ணீரும் இணை சேர்ப்பதில் அடுத்த கணக்கு. அரளி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், வறட்சியைத் தாங்கும். ஆகவே பின்வரிசையில், தண்ணீர் குறைவாகப் பாயும் ஓரத்தில் இருக்கட்டும். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் கைக்கும் ஆட்டின் வாய்க்கும் எட்டாமல் வைக்க வேண்டும். அரளிக்குத் துணையாக அதே அளவு தண்ணீரில் வாழும் நித்திய கல்யாணி போதும். நடுவரிசையில் நாலடிக்கு ஒரு மல்லிகைக் குத்து, இடையில் டிசம்பர்ப் பூ. பிச்சி படர்ந்து வளர்வதால் இன்னும் தாராளமாக, ஐந்தாறடி இடம் கேட்கும். முன்வரிசையில் கனகாம்பரமும் சம்பங்கியும். சம்பங்கிக் கிழங்கு இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து பூக்கும். பிறகு பிரித்து நட வேண்டும்.

நாற்றங்காலில் பூத்து நிற்கிறது என்பதற்காக மட்டும் செடி வாங்கவேண்டாம். எந்த மாதம் பூக்கும், எந்த மாதம் கவாத்து, எவ்வளவு தண்ணீர் என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு மாதமும் பாத்தியில் பறிக்கப் பூ இருக்கும்.