கையை எப்போது விட்டார்?

கொல்லிமலைக்கு நான் போனது மல்யுத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக அல்ல. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அங்கே வல்வில் ஓரிக்கு விழா நடக்கிறது. வில் வித்தைப் போட்டியும் உண்டு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்து பிராணிகளை வீழ்த்தியவன் என்று புறநானூறு சொல்கிற அந்த மனிதனுடைய மலையில், இன்றைக்கு எப்படி அம்பு விடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாமே என்று கிளம்பினேன். அவ்வளவுதான்.

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கிய பஸ், 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தலை சுற்றியது. செம்மேட்டில் விழாக் கூட்டம். நல்ல அறைகளெல்லாம் முன்னமே போய்விட்டிருந்தன. ஒரு சின்ன விடுதியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. அந்த விடுதியைப் பார்த்துக்கொள்கிற பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். தலையிலும் முதுகிலும் சுமை சுமந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். மிளகும் காபிக் கொட்டையும் பலாப்பழமும் மூட்டை மூட்டையாக, ஒற்றையடிப் பாதையில் அவர் முதுகில் இறங்கியிருக்கின்றன. இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. பெரியவர் வாசல் பெஞ்சியில் உட்கார்ந்து, பேரனுடைய செல்போனை மூக்குக்கண்ணாடிக்கு நேரே பிடித்துக்கொண்டு எதையோ உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்திப் படமாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். அமெரிக்க மல்யுத்தம்! பழைய பந்தயங்களையெல்லாம் பேரன் அதில் பிடித்துவைத்துக் கொடுத்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவனுக்கு இந்த மாதிரி சந்தர்ப்பத்தில் வருகிற சிரிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"இதெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போடுகிற சண்டை, தெரியுமா பெரியவரே?" என்றேன்.

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படிங்களா?" என்றார்.

நான் விடவில்லை. 1989-ஆம் வருஷம், அந்தக் கம்பெனிக்காரர்களே அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்துச் சட்டசபையில் இதை ஒப்புக்கொண்ட கதையைச் சொன்னேன். விளையாட்டுப் பந்தயம் என்றால் அரசாங்கக் கமிஷனின் மேற்பார்வை உண்டு, வரியும் உண்டு. வெறும் கேளிக்கை என்றால் இரண்டும் இல்லை. ஆகவே, 'இது பந்தயம் அல்ல, கேளிக்கைதான்' என்று அவர்களே வாக்குமூலம் கொடுத்தார்கள். யார் ஜெயிப்பது என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது என்று விளக்கினேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தருமபுரிப் பக்கம் கூலி வேலைக்குப் போனப்ப பாரதக் கூத்துப் பார்த்திருக்கேனுங்க. பதினெட்டாம் போர் அன்னிக்குத் துரியோதனனை மண்ணுல பெரிசாப் படுக்க வெச்சிருப்பாங்க. பீமன் வந்து தொடையில அடிப்பான். பொம்பளைங்கல்லாம் வெளக்குமாத்தை எடுத்துட்டு வந்து துரியோதனனை அடிப்பாங்க. அவன் சாகப் போறான்னு தெரியாமயா வெளக்குமாத்தை வீட்லேர்ந்து எடுத்துட்டு வராங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் நாவல்களின் முடிவும் வாசகர் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே அச்சாகிவிடுகிறது. அதற்காக அவர்கள் கண்ணீர் பொய் என்று நான் சொன்னதில்லை.

"பின்னே எதைத்தான் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"எறக்கி வெக்கறதைப் பார்ப்பனுங்க" என்றார்.

அதன் பிறகு அரை மணி நேரம் அவர் சொன்னவற்றை நான் வேறு எந்த விமர்சகரிடமும் கேட்டதில்லை. அண்டர்டேக்கர் என்ற கறுப்பு உடைக்காரர் ஒருவர். எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி அணைத்துக்கொண்டு மண்டி போட்டு விழுவது அவருடைய பிரசித்தமான பிடி. பார்க்கிறவர்களுக்குக் கீழே இருப்பவன் மண்டை உடைந்தது போலத் தோன்றும். பெரியவர் படத்தை நிறுத்தி விரலால் தொட்டுக் காட்டினார். தரையில் மோதுவது தூக்கியவருடைய முழங்கால்கள். தொங்குகிறவனுடைய தலை தரைக்குச் சற்று மேலே, அந்தக் கால்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

"அடி பூரா தூக்குறவனுக்குத்தானுங்க. நல்ல சுமைக்காரன். இவன் கையில ஒருத்தன் உசிரை நம்பிக் குடுக்கலாம்" என்றார் பெரியவர், தம்முடைய முழங்காலைத் தடவிக்கொண்டே.

இப்படி ஒவ்வொருவரையும் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. இன்னார் பலசாலி, ஆனால் அவசரக்காரர். பாதியிலேயே கையை விட்டுவிடுகிறார். இன்னார் பார்வைக்கு முரடர், ஆனால் எதிராளியின் பிடரிக்குக் கீழே கை கொடுக்காமல் போடமாட்டார். யார் ஜெயித்தார் என்பது அவருடைய கணக்கில் வரவே இல்லை. மூட்டையைத் தூக்குவது பெரிதல்ல, உள்ளே இருக்கிற பழம் நசுங்காமல் இறக்குவதுதான் தொழில் என்று பாதி ஆயுள் சுமந்து கற்றவர் அல்லவா!

பிறகு ஒரு பந்தயத்தைக் காட்டினார். 1997 ஆகஸ்டு 3-ஆம் தேதி நடந்தது. ஸ்டீவ் ஆஸ்டினும் ஓவன் ஹார்ட்டும் மோதினார்கள். ஓவனும் ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கினார். ஆனால் மண்டி போடாமல் பின்புறமாக உட்கார்ந்து விழுந்தார். ஆஸ்டினின் தலை, கால்களுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பின் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கிவிட்டது. ஆஸ்டின் அசையாமல் கிடந்தார். கை கால் மரத்துப்போயிருந்தன. பேசிவைத்தபடி ஜெயிக்க வேண்டியவரோ ஆஸ்டின்!

"இப்பப் பாருங்க" என்றார் பெரியவர்.

ஓவன், விழுந்து கிடப்பவர் மேல் பாயவில்லை. ஜனங்களைப் பார்த்துக் கத்தினார், கேலி செய்தார், இங்கும் அங்கும் நடந்தார். பார்த்தவர்கள் திமிர் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அவர் நேரம் வாங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆஸ்டின் எப்படியோ தவழ்ந்து வந்து, ஓவனுடைய காலுக்கு இடையே கையைக் கொடுத்துப் புரட்டினார். அந்தக் கையில் குழந்தையைப் புரட்டுகிற பலம்கூட இல்லை. ஓவனே புரண்டுகொடுத்தார். மூன்று எண்ணி முடித்தார்கள். ஆஸ்டின் ஜெயித்தார். கழுத்து முழுதும் சரியாகவே இல்லை. பெரும்பாலும் அந்தக் கழுத்தை முன்னிட்டே 2003-இல் அவர் பந்தயங்களை விட்டு ஒதுங்க நேர்ந்தது.

"தப்புப் பண்ணிட்டானுங்க. ஆனா விட்டுட்டுப் போகலை பாருங்க" என்று போனை மடியில் வைத்துக்கொண்டார் பெரியவர்.

அந்த ஓவன் ஹார்ட்டின் முடிவு எனக்குத் தெரிந்திருந்தது. 1999 மே 23-ஆம் தேதி, கான்ஸாஸ் ஸிடி நகரத்தில், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வருவது போல ஒரு வேடிக்கைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். மாட்டியிருந்த கொக்கி கழன்றுகொண்டது. அவ்வளவு உயரத்திலிருந்து மேடையில் விழுந்து இறந்துபோனார். அன்று அவரைக் கீழே ஏந்திக்கொள்ள ஒரு கையும் இல்லை. இதைவிடக் கொடுமை, உடலை எடுத்துக்கொண்டு போன பிறகும் ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆட்டத்தை நிறுத்தியிருக்கோணுமுங்க" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா தாராசிங்கின் பக்தர். சிறு வயதில் யாரோ உறவினரோடு பட்டணத்துக்குப் போய், தாராசிங்குக்கும் கிங்காங்குக்கும் நடந்த பந்தயத்தைப் பார்த்தவர். கிங்காங் ஹங்கேரிக்காரர், ஏறத்தாழ 200 கிலோ கனம் என்று சொல்வார்கள். அந்த மலையைத் தாராசிங் தலைக்கு மேலே தூக்கிவிட்டார் என்று அப்பா சொல்லும்போது, உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்து அவரே பாதி எழுந்துவிடுவார். 1968-இல் பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கரைத் தாராசிங் தோற்கடித்த செய்தியை, வீட்டில் நடந்த கல்யாணம் போல நினைவு வைத்திருந்தார். 1990-களில் வீட்டுக்குக் கேபிள் டெலிவிஷன் வந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் சேர்ந்து மல்யுத்தம் பார்ப்போம். நானும் என் தோழர்களும் பயில்வான்களின் படம் போட்ட சீட்டுகளை வைத்து ஆடிக்கொண்டிருந்த காலம் அது. உயரம், எடை, மார்பளவு எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பாவிடம் பேசுவதற்கு எனக்கு அகப்பட்ட ஒரே விஷயமும் அதுதான்.

காலேஜில் சேர்ந்த வருஷம் ஏதோ பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்த சமயம் பார்த்து, எல்லாம் நாடகம் என்று அப்பாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "உங்கள் தாராசிங்கும் இப்படித்தான்" என்று சேர்த்துக்கொண்டேன். விருந்தினர்கள் சிரித்தார்கள்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார். அப்புறம் அவர் மல்யுத்தம் பார்க்க என் பக்கத்தில் வந்து உட்காரவே இல்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சில வருஷங்களில் அவர் போய்விட்டார்.

ஏமாந்த மனிதர் என்றுதான் இத்தனை காலமும் நான் அவரைப் பற்றி எண்ணி வந்தேன். உண்மையைச் சொன்னது குற்றமா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். செம்மேட்டு விடுதியில், கூரையில் மழை கொட்டிய அந்த ராத்திரியில், வேறொன்று தோன்றியது. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர், ஜெயிப்பதற்காகவா எழுந்தார்? அவ்வளவு பெரிய உடம்பை ஒருவர் தூக்கியதும், தூக்கப்படுவதற்கு இன்னொருவர் உடம்பைக் கொடுத்ததும் பேச்சுவார்த்தையில் முடிகிற காரியமா?

தமிழ்நாட்டில் மல்யுத்த அபிப்பிராயம் நேற்றுத் தோன்றியதல்ல. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழன், ஆமூர் மல்லனோடு பொருதான். புறநானூற்றில் இந்தப் பந்தயத்தைப் பற்றியே பாட்டுகள் இருக்கின்றன. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் சொல்கிறார்: வெற்றி என்கிறார்கள் ஒரு சாரார், இல்லை என்கிறார்கள் ஒரு சாரார்; நானோ சிலம்பு ஒலிக்க ஓடிப்போய் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று கண்ணால் கண்டேன், வென்றவன் அவனே. இதைவிட அழகாக ஒரு ரசிகையின் தீர்ப்பை யார் சொல்லிவிட முடியும்! சாத்தந்தையார் என்ற புலவருக்கோ வேறு கவலை. மகன் மல்லனை வீழ்த்திய இந்தக் காட்சியை, அவன் தகப்பன் தித்தன் பார்த்திருக்கவேண்டும் என்கிறார். அவன் சந்தோஷப்பட்டாலும் சரி, படாவிட்டாலும் சரி. தகப்பனுக்கும் மகனுக்கும் மனம் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. புலவருக்கு அது பொறுக்கவில்லை. எனக்கும் அந்த ராத்திரி பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. ஓரியின் சிலைக்கு மாலை போட்டிருந்தார்கள். வில் போட்டியில் சில அம்புகள் குறியில் தைத்தன; பல அம்புகள் பக்கத்து மண்ணில் தைத்தன. கூட்டத்தில் நிற்கும்போதுதான் இது உறைத்தது: ஓரி தோற்றவன். மலையமான் காரி அவனைப் போரில் கொன்று, இந்தக் கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். போரின் முடிவு இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் மாலை போடுகிறார்கள்.

பஸ் ஏறப் போகையில் பெரியவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி, இருக்கைக்கு அடியில் பெட்டி முழுதும் உட்காருகிற வரையில் கைப்பிடியை விடாமல், மெதுவாக இறக்கிவைத்தார். "போயிட்டு வாங்க சார்" என்றார்.

70 வளைவுகளிலும் இறங்கி வரும்போது ஒரே ஒரு கேள்விதான் என் மனத்தில் இருந்தது. அப்பாவைக் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. இப்போது பதில் சொல்ல ஆளில்லாத கேள்வி.

அப்பா, கிங்காங்கைத் தலைக்கு மேலே தூக்கினாரே தாராசிங், கீழே போடும்போது கையை எப்போது விட்டார்?