வீடு திரும்பாத ஆறு பேர்

தொடர்கதை படிக்கிற குடும்பங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதாநாயகி கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி நின்றுகொண்டிருப்பாள். அதற்குக் கீழே 'தொடரும்' என்று போட்டிருக்கும். அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதே நமக்கு மறந்து போய்விடும். ஆனாலும் ராத்திரி தூக்கம் வந்துவிடுகிறது. அடுத்த இதழ் வரும், யாராவது ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள் என்கிற நம்பிக்கைதான் காரணம்.

அந்த அடுத்த இதழ் வரவே இல்லை என்றால்?

ஆறு குழந்தைகளை இப்படி நடுக்காட்டில் நிறுத்திவிட்டு, 1985-ஆம் வருஷத்தோடு கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது ஒரு தொடர். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன். அது ஓர் அமெரிக்க டெலிவிஷன் பொம்மைப் படம். "பொம்மைப் படமா? இது குழந்தைகள் பக்கத்தில் அல்லவா வரவேண்டும்?" என்று ஏட்டைப் புரட்டிவிடாதீர்கள். இதில் பெரியவர்கள் யோசிக்க வேண்டிய சமாசாரம் நிறைய இருக்கிறது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் வேஷம் கட்டிப் பேச, பகடை உருண்டு முடிவு சொல்லும் விளையாட்டு. அதன் பெயரிலேயே 1983 செப்டம்பரில் சி.பி.எஸ். டெலிவிஷனில், சனிக்கிழமைக் காலைகளில், ஒரு சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று.

கதை இதுதான். ஆறு பேர் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறுகிறார்கள். வண்டி இருட்டுக் குகைக்குள் புகுகிறது. வெளியே வரும்போது அது வேறோர் உலகம்! ஐந்து தலை டிராகன் ஒரு பக்கம் சீறுகிறது. வெஞ்சர் என்கிற ஒற்றைக் கொம்பு அசுரன் இன்னொரு பக்கம் நிற்கிறான். குள்ளமான ஒரு வயோதிகர் தோன்றி, ஆளுக்கொரு மந்திர ஆயுதம் கொடுக்கிறார். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். தலைவன் ஹாங்குக்கு ஒளி அம்பு எய்யும் வில், எரிக்குக்குக் கேடயம், டயானாவுக்குக் கழி, பிரெஸ்டோவுக்கு எதை எடுத்தாலும் வேறொன்று வருகிற தொப்பி, ஷீலாவுக்குப் போர்த்தினால் ஆளே மறைந்துபோகும் சால்வை, அவள் தம்பி பாபிக்கு ஒரு கதாயுதம். பாபிக்கு வயது எட்டு. அவன் கூடவே யூனி என்று ஒரு கொம்புக் குதிரைக்குட்டி ஒட்டிக்கொள்கிறது.

இவ்வளவும் ஒவ்வொரு வாரமும் தலைப்புப் பாட்டு ஓடுகிற நேரத்திற்குள் முடிந்துவிடும். பிறகு வருகிற கதை எல்லாம் ஒரே கேள்விதான்: இவர்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? வழி தெரியும், கதவு திறக்கும். யாருக்காவது ஆபத்து வரும், திரும்பி ஓடுவார்கள், கதவு மூடிக்கொள்ளும். ஒரு வாரம் நிஜமாகவே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெஞ்சரும் பின்னாலேயே வந்து நின்றான். தங்கள் ஊருக்கு அவனால் கேடு வரக்கூடாது என்று, அவனை இழுத்துக்கொண்டு மறுபடி காட்டுக்கே போய்விட்டார்கள்! அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு நான் அரை மணி நேரம் வேறு வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். வீடு என்பதற்காக வீட்டையே விட்டுவிட்டுப் போகிற காரியம் நம் பெண்களுக்குப் புதிதல்லவே!

முணுமுணுக்கும் பையன்

அந்த எரிக்கைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை. எதற்கெடுத்தாலும் குறை சொல்வான். தொடரை ஆரம்பத்தில் உருவாக்கிக் கொடுத்தவர்களில் ஒருவரான மார்க் எவானியர் என்கிற எழுத்தாளர், இந்தப் பாத்திரம் வந்த வரலாற்றைப் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் நீதி வேண்டும் என்று அப்போது பெற்றோர் சங்கங்களும் நிபுணர்களும் வற்புறுத்தி வந்தார்கள். அவர்கள் கேட்ட நீதி என்ன தெரியுமா? கூட்டம் சொல்வதே சரி, மாற்றுச் சொல்கிறவன் எப்போதும் தவறு! அந்தத் தவறு செய்கிறவனாக இருப்பதற்கென்றே எரிக்கை வைத்தார்களாம். குழந்தைகளுக்குச் சொந்தமாக யோசிக்கக் கற்றுக்கொடுப்பதல்லவா நீதி என்று எவானியருக்கு இதில் மனத்தாங்கல்.

நானும் எரிக் கட்சிதான். "உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு" என்று கேட்டே வளர்ந்த பெண்கள் யாராயிருந்தாலும் எரிக் கட்சிதான் ஆவார்கள். போதாக்குறைக்கு, அவன் கேட்கிற கேள்விகள் பாதி நியாயமானவை. அந்தக் கிழவர் ஏன் எப்போதும் விடுகதையாகவே பேசிவிட்டு, பாறைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறார்? நேராக வழி சொன்னால் என்ன?

எடுக்கப்படாத முடிவு

முதல் பருவத்தில் 13 கதைகள், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 6. ஆக 27. 1985 டிசம்பரோடு நின்றுவிட்டது. முடிவு இல்லை. சனிக்கிழமைப் படங்களுக்கு அந்த நாளில் முடிவு கட்டுகிற வழக்கமும் இல்லை. எந்தக் கதையை எந்த வரிசையில் போட்டாலும் ஓடவேண்டும், திரும்பத் திரும்பப் போட்டுக் காசு பார்க்கவேண்டும் என்பது வியாபாரம். முடிவு என்று ஒன்று இருந்தால் அது இடைஞ்சல்தானே?

ஆனால் முடிவை ஒருவர் எழுதித்தான் இருந்தார். அவர் பெயர் மைக்கேல் ரீவ்ஸ். இத்தொடரின் நல்ல கதைகள் சிலவற்றை எழுதியவர். வெஞ்சர் கையில் அகப்பட்டும், அவனைக் கொல்லாமல் விட்டுவிடுகிற 'டிராகனின் மயானம்' அவர் எழுதியதே. மூன்றாவது பருவத்துக்கு முடிவாக 'ரெக்வியம்' என்று ஒரு கதை எழுதிக் கொடுத்தார். இறந்தவர்களுக்காகப் பாடும் பிரார்த்தனை கீதத்துக்கு மேல்நாட்டில் அப்படிப் பெயர். எழுத்தோடு சரி, படமாக எடுக்கப்படவில்லை.

நான் அந்தக் கதையைப் படித்தேன். குழந்தைகள் பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்ளும்போது டன்ஜன் மாஸ்டர் உதவி செய்ய மறுத்து நின்றுவிடுகிறார். மனம் உடைந்து நிற்கிறவர்களிடம் வெஞ்சர் வருகிறான். ஒரு சாவி இருக்கிறது, அதைத் தேடி எடுத்துப் பாதாளத்தில் எறிந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்கிறான். நம்பலாமா, கூடாதா? ஆறு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து போகிறார்கள். கூட்டம் சொல்வதே சரி என்று பாடம் நடத்தச் சொன்ன தொடர், கடைசியில் கூட்டத்தையே இரண்டாக உடைத்துவிட்டது பாருங்கள்!

சாவி உண்மையில் எதைத் திறக்கிறது என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. வெஞ்சர் பிறவி அசுரன் அல்ல. கெட்ட சக்தியிடம் அகப்பட்டு உருமாறிப் போனவன். அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. அவன் யார்? அந்த விடுகதைக் கிழவரின் பிள்ளை! இத்தனை நாளும் அவர் வாய்விட்டுச் சொல்லாத விடுகதை அதுதான். பிள்ளை திரும்பி வந்த சந்தோஷத்தில் அவர் கதவைத் திறந்துவிடுகிறார். போகலாம், விருப்பமிருந்தால் இங்கேயே இருந்து, மிச்சமிருக்கிற தீமைகளோடு போராடலாம். கதை அதோடு நிற்கிறது. என்ன செய்தார்கள் என்று ரீவ்ஸ் எழுதவில்லை. நாலாவது பருவம் வந்தாலும் வரலாம் என்று கதவைச் சாத்தாமலே வைத்திருந்தார். வரவில்லை.

கடல் கடந்த வதந்தி

இந்தத் தொடருக்குப் பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில்தான் சீராட்டு அதிகம். பிரேஸில் தேசத்தில் 'டிராகனின் குகை' என்ற பெயரில் குளோபோ டெலிவிஷன் இதைப் பல வருஷங்கள் திரும்பத் திரும்பக் காட்டிற்று. ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்தது. முடிவு தெரியாத கதைக்கு ஊர் முடிவு கட்டாமல் இருக்குமா? குழந்தைகள் ராட்டின விபத்திலேயே இறந்துபோனார்கள், அந்தக் காடுதான் நரகம், கிழவரும் வெஞ்சரும் ஒருவரே, குதிரைக்குட்டிகூட வேவு பார்க்க வந்தது என்று வதந்தி பரவிற்று. அப்படி ஓர் எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை என்று ரீவ்ஸ் மறுப்பு எழுத வேண்டியதாயிற்று. தம்முடைய கதையையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் காகிதத்துக்கு உயிர் வந்தது. 2006-இல் டி.வி.டி. வெளியிட்டபோது, 'ரெக்வியம்' ஒலி நாடகமாகச் சேர்க்கப்பட்டது. முன்பு ஷீலாவுக்குக் குரல் கொடுத்த கேட்டி லீ அதிலும் பேசினார். 2019-இல் பிரேஸிலில் ரெனோ கார் கம்பெனி, நிஜ நடிகர்களுக்கு அந்த ஆறு பேரின் வேஷம் கட்டி, காரில் ஏறித் தப்புகிறாற்போல் ஒரு விளம்பரப் படம் எடுத்தது. 2020-இல் ரசிகர்கள் சிலர் பழைய படத் துண்டுகளோடு புதிதாக வரைந்ததையும் சேர்த்து 'ரெக்வியத்'தை முழுப் படமாகவே செய்துவிட்டார்கள். 2023-இல் வந்த பெரிய சினிமாவில், ஆபத்தான பந்தயம் ஒன்றில் அந்த ஆறு வேஷங்களும் சற்று நேரம் தலைகாட்டின. அதாவது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்! அதே 2023-இல் ரீவ்ஸ் காலமானார்.

என் அக்காள் பெண்ணுக்கு ஒன்பது வயது. போன கோடை விடுமுறையில் இந்த 27-ஐயும் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். கடைசிக் கதை முடிந்ததும், "அடுத்தது போடுங்க சித்தி" என்றாள். இல்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "அப்போ அவங்க அம்மா தேடிக்கிட்டே இருப்பாங்களா?" என்று கேட்டாள்.

வதந்தியைச் சொல்லி அவளை அழவைக்க எனக்கு மனமில்லை. எடுக்கப்படாத அந்தக் கதையை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் கேட்கவைத்தேன். கதவு திறந்த இடத்தில் நிறுத்தினேன். "இதுக்கு மேல எழுதலையா? அப்போ நான் சொல்றேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். பாபி சின்னப் பையன், அவன் போய்விட வேண்டும். ஷீலா அக்கா ஆகையால் அவனோடு போக வேண்டும். மற்றவர்கள் இருந்து வேலையை முடித்துவிட்டு வரலாம். ஆனால் அதற்கு முன்னால் எல்லோருமாக ஒரு தடவை போய், அம்மாவிடம் சொல்லிவிட்டு வரவேண்டும்!

அமெரிக்க நிபுணர்களுக்கும் டெலிவிஷன் கம்பெனிக்கும் தோன்றாத யோசனை. சொல்லிவிட்டுப் போவதுதானே முக்கியம்?

சகோதரிகளே, குழந்தைக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். எழுந்து போகத்தான் வேண்டும். போவதற்கு முன்னால், காட்டில் நிற்கிற ராஜகுமாரனை இரண்டு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். வேண்டுமானால் நாளைக்கு மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.